பீர் பாட்டிலின் தேதியை யார் பார்ப்பது? தங்கவயலில் சந்திக்கும் இரண்டு சட்டங்கள்

புது தில்லி: கர்நாடகத்தில் விற்கப்படும் 650 மில்லி லிட்டர் பீர் பாட்டில் எதை எடுத்துப் பார்த்தாலும் அதன் லேபிளில் மை தெளித்து அச்சிட்ட சில வரிகள் இருக்கும். தொகுதி எண், தயாரான நாள், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அந்த வரிகள். எத்தனை மாதங்களுக்குள் அருந்த வேண்டும் என்ற குறிப்பும் அருகிலேயே காணப்படும். பாட்டில் குளிர்பெட்டியிலிருந்து வெளியே வந்ததும் லேபிள் நனைந்து, பாதி எழுத்து அழிந்துபோவதும் உண்டு. வாங்குபவர் பார்ப்பது விலையை மட்டுமே. தேதியைப் பார்ப்பவர் அரிது.

அந்தத் தேதியை அச்சிட வேண்டும் என்ற கட்டளை தில்லியில் பிறந்தது. அந்த பாட்டில் எந்த மாநிலத்தில், எந்தக் கிடங்கு வழியாக, எந்த உரிமம் பெற்ற கடையில் விற்கப்பட வேண்டும் என்பதை நிர்ணயிப்பது பெங்களூரு. இரண்டுக்கும் நடுவே நிற்பவர் வாங்குபவர். இந்த நிலை நாடெங்கும் ஒன்றுதான் என்றாலும், கோலார் தங்கவயலில் அதற்குத் தனி முகம் உண்டு. தமிழர்கள் பெருமளவில் வாழும் கர்நாடக நகரம் அது. ஆந்திர எல்லையும் தமிழக எல்லையும் அதிக தூரத்தில் இல்லை. மூன்று மாநிலங்களிலும் மூன்று விதமான மதுக்கொள்கை. பாட்டிலின் மேல் உள்ள மொழியோ பெரும்பாலும் ஆங்கிலம்.

உணவு என்ற சொல்லுக்குள் மது: மதுபானத்தை நாடாளுமன்றம் "உணவு" என்றே வகைப்படுத்தியிருக்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் உணவு என்பதற்குத் தரும் விளக்கத்தில் குழந்தை உணவு, புட்டியில் அடைத்த குடிநீர், சூயிங்கம் ஆகியவற்றோடு மதுபானமும் இடம்பெற்றுள்ளது. ஆயினும் மதுவுக்கெனத் தனித் தரநிர்ணய விதிகள் வர மேலும் 12 ஆண்டுகள் ஆயின. 2018-இல் அறிவிக்கை செய்யப்பட்ட அவ்விதிகள் 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 5 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ளது சாதாரண பீர் என்றும், அதற்கு மேல் 8 சதவீதம் வரை உள்ளது "ஸ்ட்ராங்" பீர் என்றும் அவை வகுத்தன. இந்தியாவில் விற்பனையாகும் பீரில் பெரும்பங்கு இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

இந்த 8 சதவீதத்துக்கும் தேதிக்கும் தொடர்பு உண்டு. ஆல்கஹால் 10 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பானங்களுக்குக் காலாவதித் தேதி தேவையில்லை என்பது சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்த நெறி. இந்திய விதியும் அதையே பின்பற்றுகிறது. வினிகர், உப்பு, சர்க்கரை போன்ற கெடாப் பொருள்களோடு சேர்த்து இவற்றுக்கும் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஆகவே 42.8 சதவீத ஆல்கஹால் கொண்ட பிராந்திக் குவார்ட்டரில் காலாவதித் தேதியைத் தேடிப் பயனில்லை. பீர் எவ்வளவு "ஸ்ட்ராங்" ஆனாலும் 8 சதவீதத்தைத் தாண்டாது என்பதால் அதற்கு விலக்கு இல்லை. ஒரே அலமாரியில் அருகருகே நிற்கும் இரண்டு பாட்டில்களில் ஒன்றுக்கு ஆயுள் உண்டு, மற்றொன்றுக்கு இல்லை.

லேபிள் விதிகளும் மாறி வந்துள்ளன. முன்பு "இத்தனை மாதங்களுக்குள் அருந்தினால் சிறந்தது" என்ற வாசகமே போதுமானதாக இருந்தது. 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகள், தயாரித்த அல்லது அடைத்த தேதியையும் காலாவதித் தேதியையும் கட்டாயமாக்கின. "சிறந்தது" என்ற வாசகம் விருப்பத்துக்கு விடப்பட்டது. இரண்டும் ஒன்றல்ல. முன்னது சுவையைப் பற்றிய வாக்குறுதி. பின்னது விற்பனைக்கு விதிக்கப்பட்ட எல்லை.

பீருக்கு ஏன் ஆயுள்: பார்லி முளைத் தானியம், ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், நீர் ஆகியவற்றால் ஆன பீரில் புரதமும் மாவுச்சத்தின் எச்சமும் தங்கியிருக்கும். பாட்டிலில் அடைக்கும்போது உள்ளே சிக்கும் சிறிதளவு ஆக்சிஜனே அதன் முதல் எதிரி. நாள் செல்லச் செல்ல, நனைந்த அட்டைப்பெட்டியை நினைவூட்டும் ஒரு வாடை எழும். டிரான்ஸ்-2-நோனெனல் என்ற வேதிப்பொருளை இதற்குக் காரணமாக 1970-இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். அதுமட்டுமே காரணமல்ல என்பது பின்னர் தெரியவந்தது.

இரண்டாவது எதிரி ஒளி. வெயிலோ குழல்விளக்கின் ஒளியோ படும்போது ஹாப்ஸில் உள்ள கசப்புப் பொருள் சிதைந்து, கந்தகம் கலந்த துர்நாற்றம் பிறக்கிறது. பழுப்பு நிறக் கண்ணாடி இதைத் தடுக்கும். பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது. நிறமற்ற கண்ணாடி தடுக்கவே தடுக்காது. இதனால்தான் பீர் பாட்டில்கள் பெரும்பாலும் பழுப்பாக உள்ளன. வெயில் விழும் முகப்பில் அழகுக்கு அடுக்கி வைத்த பச்சை பாட்டிலில் தேதி நேற்றையதாகவே இருந்தாலும் உள்ளிருப்பது கெட்டிருக்கக் கூடும்.

மூன்றாவது எதிரி வெப்பம். தேதி பார்ப்பவரும் மறந்துவிடுவது இதைத்தான். பீர் தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு: சுமார் 32 டிகிரி செல்சியஸில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள் என இம்மூன்றும் பீரை ஏறக்குறைய ஒரே அளவு முதுமையாக்கும். துல்லியமான விஞ்ஞான விதியாக இதைக் கொள்ள வேண்டியதில்லை. போக்கை உணர்த்த இது போதும். ஆறு மாத ஆயுள் என்று அச்சிட்டவர் பாட்டிலை எந்த வெப்பத்தில் வைத்திருப்பார்கள் என்று எண்ணி அச்சிட்டார் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. சிறுநகரக் கடைகளில் அட்டைப்பெட்டிகள் சாதாரண அறையில் அடுக்கப்பட்டு, விற்பனைக்குத் தேவையான அளவே குளிர்பெட்டிக்குள் செல்கின்றன. ஆலையிலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து கடை என லாரியின் தார்ப்பாய்க்கு அடியில் கழிந்த நாள்கள் எந்த லேபிளிலும் இல்லை.

பாட்டில் பீரை ஆலையிலேயே சூடாக்கி நுண்ணுயிர்களை அழிக்கும் முறைக்கு லூயி பாஸ்டரின் பெயர் நிலைத்துவிட்டது. 1876-இல் அவர் பீரைப் பற்றியே தனி நூல் வெளியிட்டார். இன்றும் அதன் அளவுகோல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நிமிடம் என்பதே. தேவைக்கேற்ப அதன் மடங்குகளில் சூடேற்றுகிறார்கள். தங்கவயல் சுரங்கத்தின் அடியாழங்களில் பாறையின் வெப்பம் இந்த 60 டிகிரியைத் தாண்டியது. பாட்டிலுக்குச் சில நிமிடங்கள் தரப்படும் சூட்டைச் சுமந்த பாறைக்கு நடுவே, குளிரூட்டிய காற்றை உள்ளே செலுத்தியபடி, மனிதர்கள் நாள் முழுதும் வேலை செய்தார்கள்.

இவ்வாறு சூடேற்றாத டிராட் பீருக்கும், பெங்களூரின் சிறு ஆலைகளில் வடிக்கப்படும் பீருக்கும் ஆயுள் மிகக் குறைவு. 2020 மார்ச் 25 அன்று பொதுமுடக்கம் வந்தபோது நாடெங்கும் இத்தகைய ஆலைகள் தொட்டிகளில் இருந்த பீரைச் சாக்கடையில் திறந்துவிட நேர்ந்தது. கர்நாடகத்தில் மதுக்கடைகள் மே 4 அன்று திறந்தன. மதுக்கூடங்களும் விடுதிகளும் தங்கள் கையிருப்பைச் சில்லறை விலைக்கு விற்றுத் தீர்க்க அதே மாதம் அரசு தாற்காலிக அனுமதி அளித்தது. ஆயுள் குறைந்த சரக்கு தேங்கிக் கிடந்தது இதற்கு ஒரு காரணம். நாற்பது நாள் பூட்டுக்குள் கோடை வெப்பத்தில் கிடந்த பாட்டில்களின் லேபிளில் தேதி மாறவில்லை. காலாவதி ஆகவில்லை என்பதால் அவற்றை விற்பதில் சட்டமீறலும் இல்லை.

மலையில் பிறந்த மது: பீரின் புதுமை குறித்த கவலை இந்தியாவுக்குப் புதியதன்று. ஆப்பிரிக்க முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் வந்த ஆங்கிலேயப் பீர், வெப்ப மண்டலத்தை இருமுறை கடந்து சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ வந்து சேர்ந்தது. வழியில் கெடாதிருக்க ஹாப்ஸ் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. பின்னர் இங்கேயே ஆலைகள் எழுந்தபோது, குளிர்பதன இயந்திரம் இல்லாத காலமாகையால் மலைகளைத் தேடிச் சென்றனர். கசௌலியில் 1855-இல் ஆலை நிறுவிய எட்வர்ட் டயர், ஜாலியன்வாலாபாக் படுகொலையை நிகழ்த்திய ஜெனரல் டயரின் தந்தை. தெற்கே நீலகிரி, பெங்களூரு, சென்னை முதலிய இடங்களில் இருந்த ஐந்து ஆலைகளை இணைத்து 1915-இல் தாமஸ் லெய்ஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். சுதந்திரத்துக்குப் பின் விட்டல் மல்லையாவிடம் சென்ற அந்நிறுவனம், 2021 முதல் நெதர்லாந்தின் ஹெய்னெக்கன் நிறுவனக் கட்டுப்பாட்டில் உள்ளது.

தங்கவயலில் 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கால் பதித்த பின், ஆங்கிலேய அதிகாரிகளுக்கு கிளப்பும் மைதானமும் மாளிகைகளும் எழுந்து ஊருக்குச் "சின்ன இங்கிலாந்து" என்ற பெயர் வந்தது. சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902-இல் இங்கு மின்சாரம் கொண்டுவந்தனர். பெங்களூரு நகரம் மின்விளக்கைக் காண 1905 வரை காத்திருந்தது. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்து, பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சமூகத்தினராக, தகரக் கொட்டகைகளில் வாழ்ந்த தொழிலாளிக்குக் கிளப்பின் பீர் எட்டாதது. அவருக்கு விதிக்கப்பட்டவை கள்ளும் சாராயமும்தான்.

அந்தக் குடிக்கு எதிரான குரலும் இதே மண்ணில் எழுந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய "ஒரு பைசாத் தமிழன்" இதழுக்குத் தங்கவயலில் உறுதியான வாசகர் வட்டம் இருந்தது. மாரிகுப்பத்தில் தமிழ் பௌத்த சங்கம் வேரூன்றியது. பௌத்தர்களின் ஐந்து சீலங்களில் ஐந்தாவது, மதி மயக்கும் பானங்களைத் தவிர்ப்பது. தங்கவயல் தமிழர் என்றால் குடி என்று முத்திரை குத்துவோர் இந்த வரலாற்றை அறியாதவர்கள்.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, உரிகம் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அதிகாலை ரயிலில் பெங்களூரு சென்று இரவில் திரும்புகின்றனர். இன்று ஊரின் வருமானமும் செலவும் அந்த ரயிலை ஒட்டியே நடக்கின்றன.

லேபிள் இல்லாததன் விலை: கர்நாடக அரசு 2007 ஜூலை 1 முதல் சாராய விற்பனையைத் தடை செய்தது. அதற்கு அடுத்த ஆண்டு மே மாதம், பெங்களூரு சுற்றுவட்டாரம், கோலார் மாவட்டம், எல்லைக்கு இப்பால் தமிழகத்தின் கிருஷ்ணகிரி மாவட்டம் ஆகிய இடங்களில் கள்ளச் சாராயம் குடித்து 150-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கிப் பின் உயிரைப் பறிக்கும். 1981-இல் பெங்களூரில் 300-க்கும் மேற்பட்டோரையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரையும் பலிகொண்டதும் இதே நஞ்சுதான்.

இறந்தவர்கள் குடித்த பையிலோ குப்பியிலோ தேதி இல்லை, தொகுதி எண் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை. லேபிள் என்பது சுவையறிந்த கனவான்களின் ஆடம்பரம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். கெட்டுப்போன பீர் ஆளைக் கொல்லாது. ஆல்கஹால், புளிப்பு, கரியமில வாயு, ஹாப்ஸ் ஆகியவை சேர்ந்து நோய்க்கிருமிகளை வளரவிடுவதில்லை. தேதி கடந்த பீர் பெரும்பாலும் சுவையற்றதாக இருக்குமே தவிர நஞ்சாக இராது. ஆனால் ஒரு பாட்டில் எங்கிருந்து வந்தது, யார் பொறுப்பு என்று பின்னோக்கிச் செல்ல வழி இருக்கிறதா என்பது உயிர்நாடியான கேள்வி. தொகுதி எண்ணும் தேதியும் அந்த வழியைத் திறந்து வைக்கின்றன.

அந்த வழி எப்படிப் பயன்படும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2023 ஆகஸ்டில், மைசூரு மாவட்டம் நஞ்சன்கூட்டில் உள்ள யுனைடெட் புரூவரீஸ் ஆலையில் ஜூலை 15 அன்று தயாரான கிங்ஃபிஷர் பீரில் படிவு காணப்பட்டதாகக் கர்நாடகக் கலால் துறை அறிவித்தது. பரிசோதனையில் அது மனிதர் அருந்தத் தகுதியற்றது எனத் தெரியவந்ததாகத் துறை கூறியது. 7இ, 7சி எனக் குறியிடப்பட்ட தொகுதிகளைச் சேர்ந்த, சுமார் 25 கோடி ரூபாய் மதிப்புள்ள சரக்கு முடக்கப்பட்டு வழக்கும் பதிவானது. லட்சக்கணக்கான பாட்டில்களில் எவை சந்தேகத்துக்குரியவை, எவை அல்ல என்று பிரிக்க அதிகாரிகளுக்கு உதவியவை ஒரு தேதியும் இரண்டு குறியீடுகளுமே. அந்த பாட்டில்களுக்குத் தயாராகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். தேதி புதிது என்பதால் மட்டும் பீர் நல்லதாகிவிடாது.

மூன்று மாநிலம், மூன்று கடை: அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மது, மாநிலப் பட்டியலின் 8-ஆவது இனம். உற்பத்தி, போக்குவரத்து, கொள்முதல், விற்பனை எல்லாம் மாநிலத்தின் அதிகாரம். உணவுக் கலப்படம் பொதுப்பட்டியலில் உள்ளது. 2024 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், தொழிற்சாலை ஆல்கஹாலும் "போதை தரும் மது" என்பதற்குள் அடங்கும் எனக் கூறி மாநில அதிகாரத்தை மேலும் விரிவாக்கியது. சரக்கு மற்றும் சேவை வரிக்கு வெளியே மாநிலங்களின் கையில் எஞ்சியுள்ள பெரும் வருவாயில் மதுவும் ஒன்று. இதில் தில்லியின் கை நீள்வதை எந்த மாநிலமும் விரும்பாது.

விளைவு, பாட்டிலின் உள்ளே இருப்பதன் தரத்துக்கு மத்திய ஆணையத்தின் விதி. பாட்டிலின் பயணத்துக்கு மாநிலக் கலால் துறையின் முத்திரை. கர்நாடகத்தில் மொத்த விற்பனை முழுவதும் அரசு நிறுவனமான கர்நாடக மாநில பீவரேஜஸ் கார்ப்பரேஷன் வழியாகவே நடக்கிறது. சில்லறை விற்பனையோ, அரசின் எம்.எஸ்.ஐ.எல். கடைகள் நீங்கலாக, பெரும்பாலும் தனியாரிடம் உள்ளது. தமிழகத்தில் 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். ஆந்திரம் 2019-இல் அரசுக் கடைகளுக்கு மாறி, 2024 அக்டோபரில் மீண்டும் தனியாரிடம் திரும்பியது. தேதி கடந்த பாட்டிலுடன் கடைக்குத் திரும்புபவர் கிருஷ்ணகிரியில் அரசை எதிர்கொள்கிறார். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தனி வணிகரை. அரசே விற்பனையாளராகவும் மேற்பார்வையாளராகவும் இருக்கும் ஊரில் புகார் யாரிடம் செல்லும் என்ற கேள்விக்குத் தமிழக அரசியல் கட்சிகள் எதுவும் இதுவரை நேராகப் பதில் சொன்னதில்லை. மதுவிலக்கு பற்றிப் பேசுவது அவற்றுக்கு எளிதாக இருக்கிறது.

லேபிள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாகப் பதிவு செய்யப்படுவதால், கர்நாடகத்துக்கென அச்சான பாட்டிலை அருகிலுள்ள ஆந்திர ஊரில் விற்க முடியாது. தங்கவயலில் தேங்கிய சரக்கு குப்பத்துக்குப் போகாது. காலாவதியான பீரைக் கடைக்காரர் தாமாகக் கொட்டிவிடவும் இயலாது. வரி செலுத்திய சரக்கு என்பதால் கலால் அதிகாரிகள் முன்னிலையில்தான் அழிக்கப்பட வேண்டும். நட்டம் யாருடையது என்ற இழுபறி வேறு. விலை ஏறினால் விற்பனை மந்தமாகும், மந்தமானால் அலமாரியில் பாட்டிலுக்கு வயது கூடும். 2025 ஜனவரி 20 முதல் கர்நாடகம் பீர் மீதான கூடுதல் கலால் வரியை உயர்த்தியபோது பேச்சு முழுவதும் விலையைப் பற்றியே இருந்தது. தேதியைப் பற்றி யாரும் பேசவில்லை.

இறக்குமதி உணவுக்குத் தில்லி ஒரு வரம்பு வைத்துள்ளது. துறைமுகத்தில் விடுவிக்கப்படும்போது அதன் ஆயுளில் 60 சதவீதமோ அல்லது காலாவதிக்கு மூன்று மாதமோ, இரண்டில் எது குறைவோ அதுவாவது மீதமிருக்க வேண்டும். இணையவழி உணவு விற்பனையாளர்களுக்கும் 2024 நவம்பரில் ஓர் அறிவுரை சொல்லப்பட்டது: வீட்டில் ஒப்படைக்கும்போது 30 சதவீத ஆயுளோ, 45 நாளோ எஞ்சியிருக்க வேண்டும். மும்பை துறைமுகத்துக்கு வரும் பெல்ஜிய பீருக்கும், பெங்களூரு அடுக்குமாடியில் இறங்கும் பிஸ்கட்டுக்கும் உள்ள இந்தக் கவனம், ஆண்டர்சன்பேட்டை அலமாரியில் உள்ள உள்ளூர் பீருக்கு இல்லை. கடைசி நாள் வரை அதை விற்கலாம்.

எந்த மொழியில்: லேபிளில் உள்ள கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ, தேவநாகரியில் எழுதிய ஹிந்தியிலோ இருக்க வேண்டும் என்பது மத்திய விதி. பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை. மதுவின் தீங்கு குறித்த எச்சரிக்கை வாசகத்தை மட்டும், மாநிலம் விரும்பினால் அதன் மொழியில் அச்சிட 2018 விதிகள் இடம் தருகின்றன. தமிழகப் பாட்டில்களில் அந்த எச்சரிக்கை தமிழில் இருப்பது மாநிலத்தின் விருப்பத்தால். ஆனால் அதே பாட்டிலில் தயாரான தேதி எது, காலாவதி எது என்று பிரித்துச் சொல்லும் சொற்கள் தமிழில் இல்லை. குடிக்காதே என்று தாய்மொழியில் சொல்லும் அரசு, வாங்கியது நல்லதா என்று அறியும் உரிமையை ஆங்கிலத்தில் வைத்துள்ளது. கர்நாடகத்தில் கன்னடத்துக்கும் இதே நிலைதான்.

இதனால் நேரும் குழப்பம் சிறிதன்று. "எம்.எஃப்.ஜி." என்பது தயாரித்ததைக் குறிக்கும், "இ.எக்ஸ்.பி." என்பது காலாவதியை. முதல் எழுத்துகளை மட்டும் கொண்ட இந்தச் சுருக்கங்கள் தெரியாதவர் இரண்டு தேதிகளில் எது எது என்று எப்படி அறிவார்? சில பாட்டில்களில் தயாரான தேதி மட்டுமே ஓரிடத்தில் மையால் அச்சிடப்பட்டு, "தயாரித்த நாளிலிருந்து ஆறு மாதம்" என்பது வேறோர் இடத்தில் பொடி எழுத்தில் இருந்துவந்தது. இரண்டையும் தேடிக் கூட்டிப் பார்ப்பது வாங்குபவர் வேலை. வெளிநாட்டு பீரில் மற்றொரு சிக்கல்: 05/08 என்றால் இந்திய வழக்கப்படி ஆகஸ்ட் 5, அமெரிக்க வழக்கப்படி மே 8. அமெரிக்காவில் பட்வைசர் நிறுவனம் 1996-இல் "பிறந்த தேதி" என்றே அச்சிட்டுப் பெரும் விளம்பரம் செய்தது. 110 நாள்களுக்குள் அருந்துவது நலம் என்றது. அங்கே அது வணிக உத்தி.

இந்தியாவில் கண்ணாடி பாட்டில்கள் திரும்பப் பெற்றுக் கழுவி மீண்டும் நிரப்பப்படுகின்றன. எனவே கண்ணாடியில் புடைத்திருக்கும் எழுத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. காகித லேபிளில் உள்ளதே கணக்கு. அதுவும் கிழிந்திருந்தாலோ, தேதி சுரண்டப்பட்டிருந்தாலோ வாங்காமல் விடுவதே மேல். தவறான லேபிள் கொண்ட உணவை விற்பவருக்கு 2006 சட்டத்தின் 52-ஆவது பிரிவு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. மூடியில் துரு, கழுத்தில் கசிவு, குலுக்காமலே தெரியும் துணுக்குகள் ஆகியவை இருந்தால் தேதி என்னவாக இருந்தாலும் ஏற்க வேண்டியதில்லை.

புதிய பீர் உடலுக்கு நல்லது என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. மதுவில் பாதுகாப்பான அளவு என ஏதுமில்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் திட்டவட்டமாகக் கூறியது. லேபிளில் உள்ள தேதி சரக்கைப் பற்றிப் பேசுகிறது, குடிப்பவரின் ஈரலைப் பற்றி அல்ல. ஆனால் வரியாக ஒரு பெரும் பங்கைக் கொடுத்து வாங்குபவரும் நுகர்வோரே. குடிக்கிறார் என்பதற்காக அவருடைய உரிமை குறைந்துவிடாது. கூச்சத்தால் புகார் சொல்லாமல் போவோரே அதிகம். வீட்டுக்குத் தெரியாமல் வாங்கியவர் ரசீதோடு நுகர்வோர் ஆணையத்தின் படியேறுவாரா?

புகார் சொல்ல விரும்புவோருக்கு வழி உள்ளது. பாட்டிலைத் திறக்காமல், தொகுதி எண்ணும் தேதியும் தெரியும்படி படம் எடுத்து, ரசீதுடன் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடமும் கோலாரில் உள்ள கலால் துறை அலுவலகத்திலும் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் எண் 1915. ரசீது தர மறுக்கும் கடை என்றால் அதையே முதல் புகாராக எழுதலாம்.